அம்மாவா அப்பாவா என்று கேட்காதவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஓராண்டுக்குள் தான் வழங்கிய ஒரு தீர்ப்பைத் தானே மாற்றியது. மறுசீராய்வு மனு என்றாலே பெரும்பாலும் தள்ளுபடிதான் என்பது வக்கீல்கள் அறிந்தது. இந்த மனு நிலைத்ததற்குக் காரணம் வேலூரில் இருந்தது. சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து போன அறிக்கைகள்தான் அந்தக் காரணம்.

வழக்கு கேரளத்துத் தம்பதியுடையது. பிள்ளை மிகச் சிறியதாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தார்கள். பிள்ளை தாயோடு வளர்ந்தது. தாய்க்கு மறுமணம் ஆயிற்று. குடும்பம் மலேசியா போகவேண்டிய பேச்சு வந்தபோது தந்தை நீதிமன்றம் போனார். குடும்ப நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது, உயர் நீதிமன்றம் தந்தை பக்கம் நின்றது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தந்தையிடம் விடச் சொல்லிவிட்டது. சட்டப்படி விஷயம் முடிந்தது; பிள்ளைக்கு அன்றுதான் தொடங்கியது. தந்தை வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியிராத பிள்ளை அது. வீடு மாறப்போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து பதற்றம் பிடித்துக்கொண்டது. மருத்துவ உளவியலாளர்கள் பிள்ளையை உட்காரவைத்துப் பேசினார்கள், சோதித்தார்கள், பிரிவுப் பதற்றக் கோளாறு வரும் ஆபத்து அதிகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களைப் படித்த நீதிபதிகள் முந்தைய முடிவை விலக்கி, பிள்ளை தாயிடமே இருக்கட்டும், தந்தை வந்து பார்க்கட்டும் என்றார்கள்.

தந்தை கெட்டவர் என்று அந்த முடிவு சொல்லவில்லை. பிள்ளையின் இரவுத் தூக்கம் வழக்குக் கட்டுக்குள் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பற்றியதுதான் இந்தச் சொற்பொழிவு.

ஆற்றுப்படுத்துநர், நன்னடத்தை அலுவலர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர், மருத்துவ உளவியலாளர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் என்று அவர்களுக்குப் பெயர்கள் பல. சம்பளம் வரும் இடமும் வேறு வேறு. கஸ்டடி வழக்கில் அவர்கள் எல்லோருக்கும் வேலை ஒன்றுதான். இரண்டு பேரில் யார் நல்லவர் என்று பரீட்சை வைப்பதற்காக அவர்கள் வரவில்லை. அந்தக் குழந்தைக்குப் பொழுது எப்படி விடிகிறது, எப்படி அடைகிறது என்று பார்த்து, அதைக் குழந்தையைப் பார்த்தே இராத ஒரு நீதிபதிக்குப் புரியும்படி எழுதவேண்டும். அதற்குப் பயிற்சியும் நேரமும் உள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊரில் போதுமான அளவுக்கு இல்லை.

சட்டத்தில் குறை கொஞ்சம்தான். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டமே, குழந்தையின் வயது, ஆண் பெண் நிலை, மதம், பாதுகாவலராக வருபவரின் குணம், திறன், உறவின் நெருக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. 1956இன் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் குழந்தையின் நலனே முதன்மையானது என்று தனிப் பிரிவாகவே வைத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. அதே சட்டத்தில் இயற்கைப் பாதுகாவலர் ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்றிருந்த வரியை எழுத்தாளர் கீதா ஹரிஹரன் எதிர்த்து நின்றார். மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தாயின் கையெழுத்து செல்லாது என்று சொல்லப்பட்டதில் தொடங்கிய வழக்கு அது. 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று விளக்கியது.

அதற்கும் முன்பே, 1973இல், சென்னையிலிருந்து டெல்லி போன ரோசி ஜேக்கப் வழக்கில் நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை. இந்தியாவில் எந்தக் கஸ்டடி தீர்ப்பைப் புரட்டினாலும் அந்த வழக்கின் பெயர் வரும்.

1984இன் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் அடுத்த படியையும் எடுத்துவைத்தது. நீதிமன்றத்திலேயே ஆலோசகர் இருக்கவேண்டும், மருத்துவரையோ குடும்ப நலத் துறை அனுபவம் உள்ளவரையோ, கிடைத்தால் பெண்ணாகப் பார்த்து, துணைக்கு அழைக்கலாம் என்று எழுதிவைத்தது. ஆக, தாளில் எல்லாம் இருக்கிறது.

இனி நடப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் கஸ்டடி தகராறு பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை; பள்ளிக்கூட வாசலில் தொடங்குகிறது. மாலை நாலு மணிக்கு அம்மா ஸ்கூட்டியில் வருவதற்குள் அப்பா வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அல்லது, தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போன அம்மா திரும்பவே இல்லை. அடுத்த நிறுத்தம் காவல் நிலையம். அங்கே, ‘பெத்த அப்பாதானேம்மா கூட்டிட்டுப் போயிருக்காரு, நாங்க என்ன கேஸ் போடறது, கோர்ட்டுக்குப் போங்க’ என்பார்கள். அதற்குள் யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்திருப்பார்கள். விஷயம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் வந்து நிற்கும்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015, அந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கவேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை வந்தால் சமூகப் பணியாளரை அனுப்பி 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வாங்கச் சொல்கிறது. இங்கேதான் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. தாயும் தந்தையும் பிள்ளை யாருக்கு என்று அடித்துக்கொண்டால் அதைத் தீர்க்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. அது குடும்ப நீதிமன்றத்தின் வேலை. இதை உயர் நீதிமன்றங்கள் பலமுறை நினைவூட்டியிருக்கின்றன. ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவே பிள்ளைக்கு அடி விழுகிறதா, பட்டினி கிடக்கிறதா, பள்ளிக்குப் போகாமல் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது குழுவின் கடமை. அனுபவமுள்ள உறுப்பினர் இந்தக் கோட்டை முதல் பத்து நிமிடத்திலேயே பெற்றோருக்குச் சொல்லிவிடுவார். ‘குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு நாங்க சொல்ல முடியாது. குழந்தை பத்திரமா இருக்கான்னு பார்ப்போம். அதுக்கு ரெண்டு பேர் வீட்டுக்கும் ஆள் வரும்.’ இந்த மூன்று வாக்கியம் சொல்லப்படாததால் குழுவின் உத்தரவை வாங்கி அதைக் கஸ்டடி தீர்ப்பாக நினைத்துக்கொண்டு அலையும் பெற்றோர் உண்டு.

நீதிமன்றம் ஆலோசகரிடம் அனுப்பும் குழந்தையின் கதைதான் அதிகம் பேசப்படவேண்டியது.

பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் முதல் சந்திப்பில் வழக்கைத் தொடவே மாட்டார். தாளையும் கலர் பென்சிலையும் வைத்துவிட்டு, ‘நேத்து காலைல என்ன சாப்பிட்ட?’ என்று ஆரம்பிப்பார். யார் எழுப்பினார்கள், தலை பின்னிவிட்டது யார், பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுவது யார், இருமல் வந்தால் எந்த மருந்து எத்தனை மூடி என்று தெரிந்தவர் யார், ராத்திரி பயம் வந்தால் யார் பக்கம் புரண்டு படுப்பது? இந்தச் சின்னக் கேள்விகளில் ஒரு வீடு மெல்ல எழுந்து நிற்கும். ‘மகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துவருகிறேன்’ என்று மனுவில் எழுதியிருப்பவருக்கு மகளின் வகுப்பாசிரியை பெயர் தெரியாமல் இருக்கலாம். ‘அவர் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்’ என்று எதிர்மனுவில் எழுதப்பட்ட அப்பா, பையனுக்கு இன்ஹேலர் வைக்கும் முறையைப் பிசகில்லாமல் செய்துகாட்டலாம். மனுக்கள் வக்கீல் அலுவலகத்தில் ஒரே அச்சில் வார்க்கப்படுபவை. காலை இட்லியைப் பற்றிய பதில் அப்படி வருவதில்லை.

நியூசிலாந்தின் சமூகப் பணியாளர்கள் நிக்கி வெல்டும் மேகி கிரீனிங்கும் உருவாக்கிய ‘மூன்று வீடுகள்’ என்ற முறை இன்று பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. தாளில் மூன்று வீடு வரையச் சொல்லவேண்டும்: ஒன்று கவலை வீடு, ஒன்று நல்ல விஷயங்களின் வீடு, ஒன்று கனவு வீடு. எந்த வீட்டில் யாரை வைக்கிறது என்று குழந்தையே சொல்லும். ஒரே அப்பாவைக் கவலை வீட்டிலும் நல்ல வீட்டிலும் சேர்த்து வரையும் குழந்தைகளும் உண்டு. பெரியவர்களால் ஒப்புக்கொள்ள முடியாத இந்த உண்மையைப் பென்சிலால் சொல்லிவிட அதற்கு முடிகிறது.

பெற்றோர் ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில் குழந்தையை அழைத்துவரச் செய்வது இன்னொரு முறை. அம்மா கொண்டுவந்து விட்ட நாளில் ஒரு பேச்சும், அப்பா கொண்டுவந்து விட்ட நாளில் நேர் எதிர்ப் பேச்சும் வந்தால், குழந்தை பொய் சொல்கிறது என்று பொருள் இல்லை. வாசலில் காத்திருப்பவருக்காக அது பேசுகிறது. ஏழு வயதுப் பிள்ளை வாயில் ‘ஜீவனாம்சம்’, ‘மெண்டல் டார்ச்சர்’ போன்ற சொற்கள் வந்தாலும் கவனம் வேண்டும். சொல்லிக்கொடுக்கப்பட்டதா, நடுக்கூடத்தில் நடந்த சண்டையைக் கேட்டுக் கற்றதா? இரண்டும் வேறு. முதலாவது ஒருவரின் குற்றமாக இருக்கலாம். இரண்டாவது அந்தப் பிள்ளை எத்தனை சண்டைக்கு நடுவே சோறு தின்றது என்பதற்குச் சாட்சி.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. ‘உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?’

இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டில் கேட்கிறோம், ரயிலில் கேட்கிறோம், பிள்ளையைக் கொஞ்சுகிற சாக்கில் கேட்கிறோம். ஒன்றாக இருக்கும் வீட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டு ‘ரெண்டு பேரும்’ என்றுவிடும். பிரிந்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால், ஒருவரைக் கைவிடச் சொல்கிறோம். குழந்தையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது அதன் உரிமை, ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது, 1992இல் இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் கருத்துக் கேட்பது வேறு, தீர்ப்புக் கேட்பது வேறு. ‘நீ சொன்னதையும் ஜட்ஜ் கேட்பாங்க. ஆனா முடிவு எடுக்கறது பெரியவங்க வேலை. உன் வேலை இல்ல’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கும் ஆலோசகர், அந்தப் பிள்ளையின் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைக்கிறார்.

கேட்காமலே விட்டாலும் கேடுதான். 2008இல் உச்ச நீதிமன்றம் வந்த ஒரு கல்கத்தா வழக்கில், வரதட்சணை மரணத்தில் தாயைப் பறிகொடுத்த சிறுவனை, அந்த மரணத்திலேயே குற்றம் சாட்டப்பட்டிருந்த தந்தையிடம் கீழ் நீதிமன்றங்கள் ஒப்படைக்கச் சொல்லியிருந்தன. தாத்தா பாட்டி மேல்முறையீடு செய்தார்கள். சிறுவனின் மனதை யாரும் எடைபோடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் அவனைத் தாத்தா பாட்டியிடமே விட்டது. தந்தை என்ற சட்ட உரிமை பெரிதாகத் தெரிந்த இடத்தில், பையனின் பயம் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது.

ரகசியம் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கும் ஆலோசகர் தவறு செய்கிறார். அறிக்கை இரு தரப்பு வக்கீல் கைக்கும் போகும். அன்றிரவே, ‘என்னைப் பத்தி அங்க என்ன சொன்ன?’ என்று வீட்டில் விசாரணை நடக்கும். நல்ல ஆலோசகர் குழந்தையிடமே கேட்பார்: ‘இதை எப்படிச் சொன்னா உனக்குப் பரவாயில்ல?’ அறிக்கை எழுதும்போதும், தான் கண்டது, குழந்தை சொன்னது, தன் கருத்து என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவார். ‘தாய் அன்பானவர்’ என்று எழுதமாட்டார். ‘குழந்தை விழித்ததும் தாயின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பல் தேய்த்தது, அரை மணி நேரம் தாய் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை’ என்று எழுதுவார். குறுக்கு விசாரணையில் நிற்பது இரண்டாவது வரி.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் குழந்தைகள் மையம் என்று ஓர் இடம் உண்டு. ‘குழந்தையை அங்கே அழைத்துவந்து தந்தை பார்க்க அனுமதிக்கவேண்டும்’ என்று உத்தரவுகளில் வருவது அந்த இடம்தான். அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை நினைத்துப்பாருங்கள். இது யாருடைய குடும்பமும் இல்லை, எல்லாக் குடும்பத்திலும் நடப்பது. பாட்டி கையில் டிபன் டப்பாவோடு ஐந்து வயதுப் பெண் வருகிறாள். அப்பா முன்னதாகவே வந்து, விலை உயர்ந்த பொம்மை ஒன்றைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்குகிறார். பெண் வீறிட்டு அழுகிறாள். ‘பாத்தீங்களா, அப்பான்னா பயப்படறா’ என்கிறது ஒரு தரப்பு. ‘பாத்தீங்களா, என்னென்னவோ சொல்லிக் கெடுத்து வெச்சிருக்காங்க’ என்கிறது மறு தரப்பு. பயிற்சி பெற்றவர் அங்கே இருந்தால், அந்தத் தகப்பனிடம் முன்னாலேயே சொல்லியிருப்பார்: தூக்கவேண்டாம், தரையில் உட்காருங்கள், அவள் வரட்டும். புதுப் பொம்மை வேண்டாம். போன தடவை பாதியில் விட்ட படக்கட்டையைக் கொண்டுவாருங்கள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். பாட்டியிடமும் சொல்லியிருப்பார்: ‘போயிட்டு வா கண்ணு, நான் இங்கேயேதான் இருக்கேன்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், போகலாம் என்ற அனுமதி உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அழுகை எத்தனை நிமிடத்தில் நின்றது, முதலில் சிரித்தது எதற்கு, கிளம்பும்போது திரும்பிப் பார்த்ததா? பிரியும் நேரத்து அழுகை மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. அடுத்த இருபது நிமிடம் பலதைச் சொல்லும்.

இதே விஷயத்தை உத்தரவால் சரிசெய்யப் பார்த்த கதையும் உண்டு. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த துணையை விருந்தாளிபோல் நடத்தவேண்டும், சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் கொடுக்கவேண்டும் என்று சொன்னார். நல்ல எண்ணம்தான், பிள்ளை முன்னால் இருவரும் மரியாதையாக நடந்துகொள்ளவேண்டும் என்ற கவலை அதில் இருந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை விலக்கிவிட்டது. விலக்கியது சரி. பயந்து பிரிந்து வந்த பெண்ணைப் பரிமாறச் சொல்ல முடியாது. மரியாதை உத்தரவில் வராது. வாசலில் நின்று இரு தரப்பையும் பொறுமையாகப் பழக்குகிற ஒரு ஆள் வேண்டும்.

அடுத்து வருவது, கயிற்றின்மேல் நடப்பதுபோல் மிகவும் கவனமாகக் கால் வைக்கவேண்டிய இடம். பிள்ளை ஒருவரைப் பார்க்கவே மறுக்கிறது. ஏன்? அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் இதற்குப் ‘பெற்றோர் அந்நியமாக்கல் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். ஒருவர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளை மனதைத் திருப்பிவிடுகிறார் என்பது கருத்து. 2017இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இந்தச் சொல்லை எடுத்தாண்டது. அப்படி மனதைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெயர், உண்மையிலேயே அடித்தவர்களுக்கும் கேடயமாகிவிட்டது: பிள்ளை பயந்தால் ‘அம்மா சொல்லிக்கொடுத்தது’ என்றுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் தேடுசொற்களிலிருந்து அந்தச் சொல்லை 2020இல் நீக்கியது. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023இல் அதை அறிவியல் அடிப்படையற்ற கருத்து என்றே எழுதினார். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நிதானத்துக்கு வந்தது: அவசரப்பட்டு ஒருவருக்கு அந்த முத்திரை குத்தக் கூடாது, என்ன செய்தார் என்று ஒவ்வொரு சம்பவமாகப் பார்க்கவேண்டும் என்றது. களத்தில் நல்ல பணியாளர்கள் தொடக்கத்திலிருந்தே செய்துவந்ததும் இதுதான்.

2019இல் சென்னை உயர் நீதிமன்றம் முன் வந்த ஒரு வழக்கை அறிந்தவர்களுக்கு இந்தக் கயிற்றின் ஒரு முனை புரியும். மகளிடம் பாலியல் கொடுமை செய்ததாகக் கணவர்மீது மனைவி போக்சோ சட்டத்தில் புகார் கொடுத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மகளே சொல்லிவிட்டாள். கஸ்டடிக்காகப் புனையப்பட்ட புகார் என்று கண்ட நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்து, தாய்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஒரு பெண் குழந்தை தன் அப்பாவைப் பற்றி அப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டி வந்தது என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

கயிற்றின் மறுமுனை இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1989இன் குழந்தைகள் சட்டம், நீதிபதி பார்க்கவேண்டியவற்றைப் பட்டியலாகவே தந்திருக்கிறது. முதல் இடம் குழந்தையின் விருப்பத்துக்கும் உணர்வுக்கும். கஸ்டடி வழக்குகளில் குழந்தைகளைச் சந்தித்து அறிக்கை தருவதற்கென்றே 2001 முதல் காஃப்காஸ் என்ற தனி அரசு அமைப்பு இயங்குகிறது. அப்படிப்பட்ட நாட்டில், பல ஆண்டுகளாகச் சமூக நலத் துறைக்குத் தெரிந்திருந்த ஒரு குடும்பத்துச் சிறுமியை 2019இல் நீதிமன்றம் தந்தை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஆகஸ்டில் வோக்கிங் ஊரில் அந்த வீட்டில் அவள் பிணமாகக் கிடந்தாள். வயது பத்து. 2024 டிசம்பரில் தந்தையும் சிற்றன்னையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அமைப்பு இருப்பது மட்டும் போதாது. பழைய கோப்பை முழுவதும் படிக்கவும், உத்தரவு வந்த பிறகும் அந்த வீட்டுக் கதவைத் திரும்பப் போய்த் தட்டவும் ஆளும் நேரமும் வேண்டும்.

பொய்ப் புகாரைக் கண்டு எல்லாப் புகாரையும் சந்தேகிக்கக் கூடாது. ஒரு கொடுமையைக் கண்டு எல்லாத் தகப்பனையும் சந்தேகிக்கக் கூடாது. இரண்டு முனைக்கும் நடுவில் நடக்கவேண்டிய வேலையை, ஒரு மதியத்தில் இருபது குடும்பத்தைப் பார்க்கிற ஆலோசகரிடம் கொடுத்தால் என்ன நடக்கும்?

கடல் கடந்த வழக்குகள் வேறு வகைத் துன்பம். கோவையைச் சேர்ந்த ஒரு தம்பதி இங்கிலாந்தில் இருந்தார்கள். 2012இல் தாய் இரண்டு பெண்களோடு ஊர் திரும்பினார். 2015இல் உச்ச நீதிமன்றம் அங்கத்திய நீதிமன்றத்துக்கே போகச் சொன்னது. 2017இல் வேறொரு வழக்கில், வெளிநாட்டு உத்தரவைவிடக் குழந்தையின் நலனை இங்கேயே பார்ப்பது முக்கியம் என்று அதே நீதிமன்றம் பாதையை மாற்றியது. குழந்தைக் கடத்தல் குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக வாதாடவேண்டியிருக்கிறது. 2020இல் ஒரு வழக்கில் நீதிபதிகள் சொன்ன எளிய வழி இத்தகைய வீடுகளுக்கு உதவும்: பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு போனில் பேசட்டும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1920இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது மதராஸ் மாகாணம். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்று ஆண்டுதோறும் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று வெளிவருபவர்கள் மாநிலம் முழுவதும் இருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று இந்த மாநிலம் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தில் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் என்பது முறையான பணியிடம். தமிழ்நாட்டிலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலோசகர்கள் மாறுவதால் பெண்கள் ஒரே கதையைப் புதுப்புது முகங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது என்ற குறை ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பெரியவர்களுக்கே அது ரணம். மூன்று மாதம் பழகி, அப்போதுதான் பென்சிலைக் கையில் எடுத்த குழந்தைக்கு அந்த அக்கா அடுத்த வாரம் வரமாட்டார் என்று யார் சொல்வது?

மாவட்டந்தோறும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு நிரந்தர ஆற்றுப்படுத்துநர் வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் பயணப்படி வேண்டும். ஒருவரிடம் எத்தனை குழந்தை வரை கொடுக்கலாம் என்று எல்லை வேண்டும். உத்தரவு வந்து ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பது விதியாக வேண்டும். இவை பெரிய செலவுகள் இல்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் தன் 257ஆவது அறிக்கையில், கூட்டு வளர்ப்புரிமை, சமரசப் பேச்சு, குழந்தையைச் சந்திக்கும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் விரிவான வழிமுறைகளை எழுதிக் கொடுத்தது. பத்தாண்டு கடந்துவிட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இந்த அவையில் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். பெற்றோர் பிரிந்த குழந்தையை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அடுத்தபடி அதிக நேரம் பார்ப்பவர் வகுப்பாசிரியர். எந்த நாளில் சாப்பாட்டு டப்பா வரவில்லை, எந்தத் திங்கட்கிழமை கண் வீங்கியிருந்தது, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆற்றுப்படுத்துநரிடமிருந்தோ பாதுகாப்பு அலுவலரிடமிருந்தோ போன் வரும்போது, ‘நமக்கு எதுக்குங்க கோர்ட்டு விவகாரம்’ என்று வைத்துவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டைத் திறந்து வையுங்கள், அரை மணி நேரம் கொடுங்கள், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் 1098ஐ அழையுங்கள். எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.